ஜோடி

கான்பெராவில் ஜூன் மாதக் குளிர்.
கடிகாரத்தின் ஓரம் சிவப்பு விளக்கு துடித்தால்
மேலவை கூப்பிடுகிறது என்று அர்த்தம்.
பச்சை துடித்தால் கீழவைக்காரர்கள் பாடு,
நான் டீயைக் குடித்து முடிக்கலாம்.

பதினாறு வருடமாகக் கதவோரம் நிற்கிறேன்.
தண்ணீர், துண்டுச் சீட்டு, மறந்துபோன மூக்குக்கண்ணாடி
கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.
சட்டம் எனக்குத் தெரியாது.
யார் எப்போது உள்ளே இல்லை என்பது தெரியும்.

அன்றைக்கு மணி அடித்ததும்
எல்லோரும் உள்ளே ஓட
ஒருவர் மட்டும் வெளியே வந்தார்.
செனட்டர் மெலிதிஸ், விக்டோரியா.
கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு
பெஞ்சில் உட்கார்ந்தார்.

வாக்கெடுப்பு அவருடைய மசோதாவுக்குத்தான்.
சமையலறை மேடைக்குக் கல் அறுத்து அறுத்து
நுரையீரலில் தூசி படிந்தவர்களுக்கு நஷ்ட ஈடு.
ஒன்பது வருடம். மூன்று விசாரணைக் குழு.
இரண்டு முறை தேர்தல் வந்து காலாவதி.
மேலே பார்வையாளர் மாடத்தில்
ஜீலாங்கிலிருந்து நாலு பேர்.
அதில் ஒருவர் தன் ஆக்சிஜன் சிலிண்டர் என்ன என்று
வாசலில் இருபது நிமிடம் விளக்கிவிட்டு வந்திருந்தார்.

ஜோடி என்றால் இங்கே கல்யாணம் இல்லை.
எதிர்ப்பக்கம் ஒருவர் வரமுடியாமல் போனால்
இந்தப் பக்கம் ஒருவர் வராமல் இருப்பது.
அரசியல் சாசனத்தில் கிடையாது.
இரண்டு கொறடாக்கள், ஒரு நோட்டு, பென்சில் எழுத்து.
மீறினால் அபராதம் இல்லை.
மீறலாம்.

எதிர்ப்பக்கத்து ஃபெனெல்லா ட்ரெம்பாத்
விடியற்காலை விமானத்தில் ஹோபார்ட் போய்விட்டார்.
புருஷனுக்கு இது கடைசி வாரம் என்றார்கள்;
கடைசி நாளாகவும் இருக்கலாம்.
அவருக்கு ஈடாக என் பெயரை எழுதுங்கள் என்று
திங்கட்கிழமை சொன்னவர் மெலிதிஸ்தான்.
அப்போது இந்த வாக்கெடுப்பு அடுத்த வாரம் என்றிருந்தது.
புதனன்று தேதியை முன்னே இழுத்தார்கள்.
இன்று மதியம் ஒரு சுயேச்சை மனம் மாறினார்.
கணக்கு மாறியது.
பென்சில் எழுத்து மாறவில்லை.

உள்ளே எழுத்தர் மணற்குடுவையைக் கவிழ்த்திருப்பார்.
நான்கு நிமிடம் விழும் மணல்.
"எவ்வளவு போயிருக்கும்?" என்றார்.
"பாதி."
எழுந்தார்.
பெஞ்சிலிருந்து கதவுக்குப் பதினோரு எட்டு,
பல தடவை எண்ணியிருக்கிறேன்.
ஒன்பதாவது எட்டில் நின்றார்.
நான் கதவை மூடவில்லை.
திறந்து பிடிக்கவும் இல்லை.

"ஃபெனெல்லா புருஷன் பேரிக்காய் ஜாம் போடுவார்,
ஒரு வருஷம் எனக்கும் ஒரு பாட்டில் வந்தது" என்றார்.
"சர்க்கரை ரொம்ப அதிகம்."
திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

கதவுகளைப் பூட்டச் சொல்லி உத்தரவு வந்தது.
பூட்டினேன்.
சரி என்பவர்கள் நாற்காலிக்கு வலப்பக்கம்,
வேண்டாம் என்பவர்கள் இடப்பக்கம்.
தலைவருக்கும் இங்கே ஒரே ஒரு ஓட்டுதான்,
தராசு நடுவில் நின்றால்
விரலால் தொட யாருமில்லை.
சுவரிலிருந்த டிவி எண்களைக் காட்டியது.
முப்பத்தேழு.
முப்பத்தேழு.
சமம் என்றால் இந்த அவையில்
இல்லை என்று பொருள்.

மாடத்திலிருந்து லிஃப்டில் இறங்கி வந்தார்கள்.
சிலிண்டர்காரர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு
"எங்கே போயிருந்தீர்கள்?" என்றார்.
"இங்கேதான்" என்று பெஞ்சைக் காட்டினார் மெலிதிஸ்.
"இங்கேயா?"
"ஆமாம்."
அதற்குமேல் சொல்லவில்லை.
ஹோபார்ட் ஆஸ்பத்திரி இன்னொருவர் வீட்டு விஷயம்.
எனக்கு அந்த வாக்கியம் தெரியும்.
வாய் திறக்காததற்குத்தான் எனக்குச் சம்பளம்.
தண்ணீர் நீட்டினேன்.
அந்த மனிதர் பாதி குடித்தார்,
டம்ளரை மெலிதிஸின் பக்கத்தில் வைத்தார்,
கைகொடுக்காமல் போனார்.

சிவப்பு விளக்கு மறுபடி துடித்தது.
அடுத்து உலர் திராட்சை மீதான தீர்வை.
மெலிதிஸ் அதற்கும் எழவில்லை.
ஜோடி நள்ளிரவு வரை.